குளிர்காலத்தில் ஸ்குவாட் ரேக் துணி காயப்போடும் கொடி ஆகாமல் இருக்க என்ன வழி?

ஐந்தரைமணி

வணக்கம். வீட்டு கராஜில் ஒரு ரேக், 20 கிலோ பார், 140 கிலோ பிளேட், ஒரு பெஞ்ச் இருக்கிறது. வாரம் நான்கு நாள், காலை 5:30க்கு ஆரம்பித்து 75 நிமிடம். மேலுடம்புக்கு இரண்டு நாள், காலுக்கு இரண்டு நாள். வயது 38. கோடையில் ஒரு நாள்கூடத் தவறாது. குளிர் தொடங்கினால் ஐந்தாறு வாரத்தில் நான்கு மூன்றாகி, மூன்று ஒன்றாகி, கடைசியில் ரேக்கில் ஈரத்துண்டு தொங்குகிறது.

கேட்க வேண்டியவை:

1. வாரம் நான்கு நாளை இரண்டாகக் குறைத்தால் பலம் இறங்கிவிடுமா? குளிர் முடிய 16 வாரம் ஆகும்.
2. காலையில் கராஜுக்குள் 3 முதல் 5 டிகிரிதான். ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 100 கிலோ 5×5 செய்கிறேன், அதாவது ஐந்து செட், செட்டுக்கு ஐந்து ரெப் (தடவை). குளிரில் அதே 100 கிலோ 110 போலத் தெரிகிறது. இது மனப்பிரமையா, நிஜமா?
3. ஹீட்டர் ஒன்று இருக்கிறது. அதை வைக்கலாமா? எந்த வகை நல்லது?
4. பாரில் துரு ஏறுகிறது. கோடையில் இப்படி இல்லை.
5. சளி, காய்ச்சல் வந்தால் எப்போது மறுபடி தொடங்குவது?

ஊக்கப் பேச்சு வீடியோ இணைப்புகள் வேண்டாம். போன வருஷமே போதும் போதும் என்று பார்த்தாயிற்று.

கர்லாக்கட்டை

முதல்ல ஒரு கணக்கு. உங்க 75 நிமிடம் கோடைக்குப் போட்ட 75. குளிர்ல உடம்பு சூடேறக் கூடுதலா 8 நிமிடம், உடுப்பை மாட்டிக் கழட்ட 5, கூடுதல் வார்ம்-அப் செட்டுக்கு 6, 7. ஆக அது 95 ஆகுது. அலாரம் மட்டும் அதே நேரத்துக்கு அடிக்குது, வேலைக்குக் கிளம்புற நேரமும் மாறல. இந்த 20 நிமிடத்தை ஒவ்வொரு காலையும் தூக்கத்துல இருந்தோ வேலை நேரத்துல இருந்தோ கடன் வாங்குறீங்க. ஐந்தாவது வாரம் வட்டியும் முதலுமா வந்து நிக்குது. மன உறுதி இல்லைன்னு உங்களையே திட்டிக்காதீங்க. திட்டத்துக்கு நேரம் பத்தல, அவ்வளவுதான்.

அதனால கேள்வி 1க்குப் பதில்: குறைக்கலாம், குறைக்கணும். எதைக் குறைக்கிறதுங்கிறதுலதான் பலர் தப்பு பண்றாங்க. நாளைக் குறைக்கலாம். செட்டைக் குறைக்கலாம். பார்ல ஏத்துற எடையைக் குறைக்கக் கூடாது.

2011ல பர்மிங்காமில் இருக்கிற அலபாமா பல்கலைக்கழகத்துல இதை நேரா சோதிச்சுப் பார்த்தாங்க. 16 வாரம், வாரம் மூணு நாள் காலுக்கு எடைப் பயிற்சி. அப்புறம் 32 வாரம், ஒரு கூட்டத்துக்கு அதுல மூணுல ஒரு பங்கு, இன்னொரு கூட்டத்துக்கு ஒன்பதுல ஒரு பங்கு. ஒன்பதுல ஒரு பங்குன்னா வாரம் ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரே செட். எடை மட்டும் இறங்கல. இளவயசுக்காரங்களுக்குப் பலமும் நின்னுது, தசை அளவும் நின்னுது. 60 வயசுக்கு மேல இருந்தவங்களுக்குப் பலம் பெரும்பாலும் நின்னுது, தசை அளவுதான் கொஞ்சம் கரைஞ்சது. அந்த வயசுக்காரங்க யாராவது இதைப் படிச்சா வாரம் ரெண்டு நாள், ஒவ்வொண்ணுக்கும் 2, 3 செட்டுக்குக் கீழ போகாதீங்க.

உங்களுக்கு 32 வாரம் வேண்டாம், 16 வாரம் போதும். வாரம் ரெண்டு நாள் தாராளம். நான் போடுறது இப்படி:

நாள் அ. ஸ்குவாட்: 100 கிலோவில் ஒரு செட், 5 ரெப். முடிக்கும்போது இன்னும் ரெண்டு ரெப் கையிருப்பு இருக்கணும். பிறகு 90 கிலோவில் 2×5. பெஞ்ச் பிரஸ் 3×5. பார் ரோ (குனிஞ்சு நின்னு பாரை வயித்துப் பக்கம் இழுக்கிறது) 2×8.

நாள் ஆ. டெட்லிஃப்ட் (தரையில இருக்கிற பாரை நிமிர்ந்து நிக்கிற வரைக்கும் தூக்கறது): கனமான ஒரு செட் 3 முதல் 5 ரெப், பிறகு அதுல பத்து சதவீதம் குறைச்சு ஒரே செட். ஓவர்ஹெட் பிரஸ் (நின்னுக்கிட்டே பாரைத் தலைக்கு மேல தள்ளுறது) 3×5. புல்-அப் ரெண்டு செட், ரெண்டு ரெப் மிச்சம் வச்சு.

ரெண்டுமே வார்ம்-அப்போட 55 நிமிடத்துல முடியும். உங்க பழைய 75க்குள்ள அடங்கிட்டு 20 நிமிடம் மிஞ்சும். அந்த 20 நிமிடம்தான் குளிர்காலத்துக்கான கையிருப்பு, அதுல வேற பயிற்சியைச் செருகாதீங்க. மூணாவதா ஒரு நாள் வேணும்னா வீட்டுக்குள்ளயே 20 நிமிடம்: தண்டால், ஒரு காலைப் பின்னால உயர்த்தி வச்சு ஸ்குவாட், லேடக்ஸ் பேண்ட் (நீளுற ரப்பர் பட்டை) இழுப்பு. செஞ்சா லாபம், விட்டா நட்டமில்லை.

எடை ஏத்துறது: ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 2.5 கிலோ, அதாவது பக்கத்துக்கு 1.25. ஒன்றே கால் கிலோ பிளேட் ஒரு ஜோடி இல்லைன்னா மத்த எதையும் வாங்குறதுக்கு முன்னாடி அதை வாங்குங்க. குளிர்ல 5 கிலோ தாவினா ஒரு நாள் ரெப் விழும், அந்த ஒரு தோல்வியே அடுத்த காலை எழுந்திரிக்காததுக்குச் சாக்கு.

இன்னொண்ணு. திட்டத்துக்கு ஒரே அளவு இருந்தா "முழுசா, இல்லைன்னா இல்லை"ன்னு ஆயிடும். மூணு அளவு வச்சுக்கோங்க. முழு அளவு மேல சொன்னது. பாதி அளவு: முதல் ரெண்டு பயிற்சி மட்டும், 35 நிமிடம். குறைந்தபட்சம்: முதல் பயிற்சிக்கு வார்ம்-அப், ஒரே ஒரு கனமான செட், நோட்டுல எழுதி கதவைச் சாத்து. 20 நிமிடம். எந்த அளவுன்னு படுக்கையில முடிவு பண்ணாதீங்க. 70 கிலோ வார்ம்-அப் செட் முடிஞ்ச பிறகு முடிவு பண்ணுங்க. படுக்கையில எடுக்கிற முடிவு போர்வை எடுக்கிற முடிவு.

மெதுவோட்டம்

இவ்வளவு சிக்கல் எதற்கு? குளிர்காலம் முழுக்க எடையைப் பாதியாக்கி 20, 25 ரெப் போடுங்கள். உடம்பும் சூடாகும், மூட்டுக்கும் பாதுகாப்பு.

சுண்ணாம்புக்கை

@மெதுவோட்டம், தசை அளவு மட்டும் இலக்கு என்றால் அது ஓரளவுக்குச் சரி. குறைந்த எடையையும் கிட்டத்தட்ட முடியாத கட்டம் வரை தூக்கினால் தசை அளவு நிற்கும். ஆனால் கேள்வி பலத்தைப் பற்றியது. கனமான எடைக்கு நரம்பும் தசையும் பழகிய பழக்கம் கனமான எடையைத் தூக்கினால்தான் நிலைக்கும். 16 வாரம் 50 கிலோவில் 25 ரெப் போட்டவர் வசந்தத்தில் 100 கிலோவின் கீழ் போய் நின்றால் பார் அந்நியமாகத்தான் இருக்கும். இன்னொரு இடைஞ்சலும் உண்டு. 25 ரெப் செட் உடம்பை வேர்க்க வைக்கும், பிறகு 4 டிகிரியில் நான்கு நிமிடம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். நனைந்த பனியனோடு அது சுகமல்ல.

கேள்வி 2க்கு வருகிறேன். பிரமை இல்லை, நிஜம். தசையின் உள்வெப்பம் ஒரு டிகிரி மாறினால் குதித்தல், விரைவோட்டம் போன்ற வேகமான வேலைகளில் திறன் சுமார் 2 முதல் 5 சதவீதம் மாறும். நரம்பு வழியே செய்தி போகும் வேகமும் குளிரில் குறைகிறது, மூட்டுக்குள் இருக்கும் திரவமும் கெட்டிப்படுகிறது. ஸ்குவாட்டில் இதை எங்கே பார்க்கலாம் என்றால், கீழே போவதில் வித்தியாசம் தெரியாது. அடியிலிருந்து எழும் முதல் நான்கு விரற்கடையில் பார் மந்தமாக நகரும். அந்த மந்தத்தைத்தான் 110 கிலோ என்று உடம்பு வாசிக்கிறது.

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, கராஜுக்குள் போய் அங்கே சூடேற்றிக்கொள்ள நினைப்பது. 4 டிகிரியில் உடம்பு சூடேறும்போதே ஆறிக்கொண்டும் இருக்கும். சூடேற்றம் வீட்டுக்குள் நடக்க வேண்டும். 8 நிமிடம் போதும்: மாடிப்படி ஏறி இறங்குவது அல்லது கயிறு இல்லாமல் ஸ்கிப்பிங் 4 நிமிடம், எடை இல்லாத ஸ்குவாட் 15, முன்காலை நீட்டி மடக்கும் லஞ்ச் பக்கத்துக்கு 8, தோள்பட்டைச் சுழற்சி 15, கடைசியில் இன்னொரு 15 ஸ்குவாட். நெற்றியில் வேர்வை அரும்ப வேண்டும், வழியக் கூடாது. அரும்பிய உடனே கராஜுக்குப் போய்விடுங்கள். நடுவில் போனை எடுத்தால் எட்டு நிமிடமும் வீண்.

முழங்கால் உறையையும் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளுங்கள். உடுப்பு மூன்று அடுக்கு: உள்ளே வேர்வையை வெளியே தள்ளும் சிந்தெடிக் துணி, நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே ஜிப் வைத்த ஜாக்கெட். பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு முதுகில் ஐஸ் போல ஒட்டும். ஜாக்கெட்டைக் கனமான செட்டுக்கு முன் கழற்றி, பாரை வைத்த மறுநொடி திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள். ஜிப் எதற்கு என்றால், தலைவழியே மாட்டும் உடுப்பை யாரும் ஐந்து தடவை கழற்றி மாட்டமாட்டார்கள்.

100 கிலோவுக்கான ஏறுவரிசை:

வெறும் பார் 10 ரெப், இரண்டு தடவை
50 கிலோ 5
70 கிலோ 4
85 கிலோ 2
95 கிலோ 1
100 கிலோ 5

கோடையில் வெறும் பார், 60, 80, 100 என்று தாவினாலும் பெரிதாகத் தெரியாது. குளிரில் 95க்கு அந்த ஒற்றை ரெப்பை விடாதீர்கள். அது களைப்புத் தராது, 100 தோளில் உட்காரும்போது அதிர்ச்சியும் இருக்காது. வார்ம்-அப் செட்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடம் போதும், பிளேட் மாற்றுகிற நேரமே அதற்குச் சரியாகிவிடும். கனமான செட்டுகளுக்கு நடுவே 3 நிமிடம். 5 நிமிடம் உட்கார்ந்தால் சேர்த்த சூடெல்லாம் போய்விடும். ஓய்வில் உட்காரக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள்.

கைதான் அதிகம் பாதிக்கும். விரல் தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் விரல்களின் நுணுக்கம் தெளிவாகக் குறையும். டெட்லிஃப்ட்டில் பார் உள்ளங்கையிலிருந்து விரல்நுனிப் பக்கம் உருளும்போது வழக்கமாக உடனே தெரியும். மரத்துப்போன விரலுக்குத் தெரியாது. தெரியும்போது காய்ப்பின் விளிம்பில் தோல் மடிந்து கிழிந்திருக்கும். முதுகு விட்டுவிட்டது என்று நினைத்து எடையைக் குறைப்பவர்களில் பலருக்குப் பிரச்சினை பிடியில்தான். செய்ய வேண்டியது எளிது: பாரில் கை வைக்கும் இரண்டு இடத்திலும் வெந்நீர்ப் பையைப் பத்து நிமிடம் சாத்தி வையுங்கள், வீட்டுக்குள் நீங்கள் சூடேறும் நேரத்துக்குள் அதுவும் சூடேறும். மெல்லிய கையுறை 70 கிலோ வரைக்கும் மட்டும். அதற்கு மேல் வெறுங்கை, சுண்ணத்தூள் (கை வழுக்காமல் இருக்க எடை தூக்குபவர்கள் பூசும் வெள்ளைத்தூள், சுண்ணாம்பு அல்ல). கையுறை பாரின் பருமனைக் கூட்டிப் பிடியைக் கெடுக்கும்.

காய்ப்பைக் குளித்தபின் நுரைக்கல்லில் (பியூமிஸ்) தேய்த்துச் சமப்படுத்துங்கள். களிம்பு இரவில் மட்டும்.

துருவுக்கு எதிரி

3, 4 ரெண்டும் ஒரே கேள்விதான். உங்கள் துருவுக்குக் குளிர் காரணமில்லை, சூடுதான் காரணம். ஹீட்டரை மாற்றினால் துருவும் பாதி குறையும்.

15 டிகிரிக்குச் சூடான காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால் அது 7 டிகிரியில் பனிக்கத் தொடங்கும். காற்று பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். 20 கிலோ எஃகு அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, 4 டிகிரியிலேயே கிடக்கும். ஆக அறையிலேயே குளிர்ந்த பொருள் பார்தான், ஈரமெல்லாம் அதன் மேல் படியும். பிடிப்புக்காக வெட்டிய சொரசொரப்புப் பள்ளங்களுக்குள் அது நின்றுவிடும், சுண்ணத்தூளும் அதே பள்ளத்தில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், பாரின் நடுப்பகுதி வெறும் மங்கலாக இருக்கும்போது கை படும் இடத்தில் மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும்.

இப்போது ஹீட்டர். மூடிய கராஜில் கேஸ், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலி, மயக்கத்தைக் கடும் பயிற்சியின் களைப்பு என்று நினைத்துக்கொண்டே விழுந்துவிடுவார்கள். அதோடு, ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வெளியேறும், அதுவும் உங்கள் பாரைத்தான் தேடி வரும். ஏற்கெனவே கேஸ் ஹீட்டர் இருந்தால் கராஜில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு நிமிடம்கூட எரிக்காதீர்கள், கதவும் திறந்திருக்க வேண்டும்.

வாங்க வேண்டியது மின்சார இன்ஃப்ராரெட் ஹீட்டர். அது காற்றை விட்டுவிட்டு எதிரே இருக்கும் உடம்பையும் பாரையும் நேராகச் சூடாக்கும், அதனால் காத்திருக்கும் நேரமும் குறைவு, பனிப்பும் குறைவு. ரேக்குக்குப் பக்கவாட்டில் சுவரில் மாட்டுங்கள். எதிரே வைத்தால் கண் கூசும், பின்னால் வைத்தால் பெஞ்சில் படுக்கும்போது தலைமேல் அடிக்கும். எரியக்கூடிய எதுவும் ஒரு மீட்டருக்குள் இருக்கக் கூடாது. ரேக்கில் தொங்கும் அந்தத் துண்டும் சேர்த்துத்தான்.

1500 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும், 120 வோல்ட்டில் 12.5. நேரடியாகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர், அதிலும் சுருட்டி வைத்த வயர் சூடாகி உருகும். இடம் மாற்றக்கூடிய ஹீட்டரை டைமர் போட்டு ஆளில்லாமல் ஓட விடாதீர்கள்.

பாருக்கு: பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, நைலான் பிரஷ்ஷால் பள்ளங்களிலிருந்து சுண்ணத்தூளைத் தட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. வாரம் ஒரு முறை மெஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு துணியில் விட்டுப் பார் முழுக்கத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்துக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் பளபளவென்று தெரிந்தால் அதிகம், கை வழுக்கும். பூச்சு இல்லாத எஃகு என்றால் பித்தளை பிரஷ் போடலாம். ஜிங்க் அல்லது குரோம் பூச்சு என்றால் இரும்புக் கம்பி பிரஷ்ஷை எடுக்கவே கூடாது, பூச்சைச் சுரண்டிவிடும், அப்புறம் துரு நிரந்தரக் குடியிருப்பு.

பிளேட் மாட்டும் முனைகள் குளிரில் கடினமாகச் சுற்றினால் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு முப்பது தடவை சுற்றுங்கள்.

ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் இவ்வளவு பாடு வேண்டாம். ஆனால் ஈரம் நீக்கும் கருவி வாங்கும்போது கம்ப்ரஸர் வகையை வாங்காதீர்கள், உங்கள் கராஜ் குளிருக்கு அதன் சுருளிலேயே ஐஸ் கட்டி நின்றுவிடும். ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்துச் சுழலும் வகை குளிரிலும் வேலை செய்யும்.

லேடக்ஸ் பேண்டுகளை வீட்டுக்குள் வையுங்கள், குளிரில் விறைத்துப்போகும். ரப்பர் பிளேட்டைக் கடும் குளிரில் உயரத்திலிருந்து போடாதீர்கள். வெளியே போட்ட செருப்போடு ரேக்குக்குள் வரவே கூடாது, ரப்பர் விரிப்பில் ஒரு சொட்டு ஈரம் போதும் கால் வழுக்க.

ஐந்தரைமணி

எல்லோருக்கும் நன்றி. துரு விஷயம் சுத்தமாகத் தலைகீழாக நினைத்திருந்தேன். இருப்பது கேஸ் ஹீட்டர்தான், இன்றே கராஜை விட்டு வெளியே போகிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, 5:30 நேரத்தையே மாலைக்கு மாற்றிவிட்டால் என்ன? இரண்டு, ஐந்தாவது கேள்வியை யாரும் தொடவில்லை. கூடவே ஒன்று: பயிற்சி முடிந்ததும் குளிர்ந்த நீரில் குளித்தால் நல்லது என்கிறார்களே?

கர்லாக்கட்டை

கடைசிக் கேள்வி முதல்ல. எடைப் பயிற்சி முடிஞ்ச கையோட 10 டிகிரித் தண்ணியில பத்து நிமிடம் உக்காந்தா, மாதக் கணக்குல பார்க்கும்போது தசை வளர்ச்சியும் பலமும் குறைவாத்தான் வருது. 2015ல 12 வாரம் வச்சுப் பார்த்த சோதனை அப்படித்தான் காட்டுது. உங்க கராஜே போதுமான தண்டனை, வெந்நீர்ல குளிங்க.

மாலை: உடம்பின் வெப்பம் விடியலுக்குக் கொஞ்சம் முன்னாடி ரொம்பக் கீழே இருக்கும், பிற்பகல் கடைசியில இருந்து மாலைக்குள்ள உச்சத்துக்கு வரும். பலமும் அதோட சேர்ந்து சில சதவீதம் ஏறி இறங்கும். கராஜும் மதியத்துல ரெண்டு மூணு டிகிரி கூடுதலா இருக்கும். அதனால மாலை நல்லதுதான், மாலை உங்க கையில இருந்தா. வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு ஆயிரம் பேர் உரிமை கொண்டாடுவாங்க, 5:30க்கு யாரும் வரமாட்டாங்க. ரெண்டையும் கலந்துக்கோங்க: வேலை நாள் ஒண்ணு காலையில, விடுமுறை நாள் ஒண்ணு பிற்பகல்ல. வாரத்துல ஒரே ஒரு குளிர்காலைதான் உங்க எதிரி, நாலு இல்லை.

காலையில என்ன செய்யறதுங்கிறதும் முக்கியம். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பி இருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகை வளைச்சா அதுங்க மேல அழுத்தம் அதிகம். அதனால எழுந்து அரை மணியில டெட்லிஃப்ட் வேண்டாம்.

முந்தின நாள் ராத்திரி: 50 கிலோவுக்கான பிளேட்டை ரேக் பக்கத்துல சாத்தி வைங்க, நோட்டுல அன்னைக்குத் தூக்க வேண்டிய எண்ணை எழுதி வைங்க, உள்ளடுக்கு உடுப்பைப் போட்டுக்கிட்டே தூங்குங்க. கேலியா தோணும், ஆனா காலையில குளிர்ல சட்டை மாத்துற அந்த ஒரு நிமிடம்தான் பாதிப் பேரைத் திரும்பப் படுக்க வைக்குது.

ஒரு நாள் விட்டுப்போனா? ஈடுகட்டாதீங்க. அ, ஆ, அ, ஆன்னு வரிசை போய்க்கிட்டே இருக்கட்டும், விட்டது அடுத்து வரும். ரெண்டு நாளை ஒரே நாள்ல சேர்த்துச் செஞ்சா நாலு நாள் உடம்பு வலி, அந்த வலியில இன்னொரு நாள் போகும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரோட பழக்கங்களைக் கவனிச்ச ஆய்வு ஒண்ணு 2010ல வெளியாச்சு. பழக்கம் ஒட்டிக்க நடுமட்டமா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரைக்கும் போச்சு. நடுவுல ஒரு நாள் விட்டது அதை ஒண்ணும் பெரிசா கெடுக்கல. அதனால ஒரு செவ்வாய்க்கிழமை போச்சுன்னு மாசத்தையே விட்டுடாதீங்க.

கழுத்துக்கு மேல்

ஐந்தாவது கேள்வி. மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு, இவ்வளவுதான் என்றால் குறைந்தபட்ச அளவு செய்யலாம். வார்ம்-அப்பிலேயே தலை கனத்தால் நிறுத்துங்கள். காய்ச்சல், நெஞ்சுச்சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, இதில் ஒன்று இருந்தாலும் பார் பக்கம் போக வேண்டாம். மாத்திரை போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு தொடங்கலாம். முதல் நாள் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரே செட், வழக்கமான எடையில் 70 சதவீதம். அடுத்த நாள் 85. மூன்றாவது நாள் பழைய எடை, செட் மட்டும் குறைவு. பத்து நாள் பயிற்சி விட்டுப்போயிருந்தாலும் பலம் பெரிதாக இறங்கியிருக்காது. இறங்கியிருப்பது மூச்சு.

இளைப்பு உள்ளவர்களுக்கு: குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். வாயையும் மூக்கையும் மூடித் துணி கட்டிக்கொண்டு வார்ம்-அப் செய்யுங்கள், இன்ஹேலரைப் பயிற்சிக்கு எவ்வளவு முன்னால் எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு: குளிர் ரத்தக்குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்கெனவே உயர்த்தியிருக்கும், அதன் மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கனம் தூக்கினால் இன்னும் எகிறும். மருத்துவரிடம் பேசாமல் ஐந்து ரெப்புக்குக் கீழான கனமான செட்டுகள் வேண்டாம். நெஞ்சில் அழுத்தம் தெரிந்தால் அது வார்ம்-அப் குறைவு இல்லை, உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர். குளிரில் தாகம் எடுக்காது, சிறுநீர் மட்டும் அதிகம் போகும். பாட்டிலை வெதுவெதுப்பாக நிரப்பிக்கொண்டு போனால் குடிப்பீர்கள்.

ஐந்தரைமணி

அப்படியென்றால் திட்டம் இது. செவ்வாய் காலை 5:30 நாள் ஆ, ஞாயிறு பிற்பகல் 3 மணி நாள் அ. வீட்டுக்குள் 8 நிமிடம், பாரில் வெந்நீர்ப் பை, கையுறை 70 வரை. எடை அப்படியே, செட் குறைவு. சரிதானா?

கர்லாக்கட்டை

ரெண்டு திருத்தம். நாள் ஆ டெட்லிஃப்ட் நாள், அதை 5:30க்கு வச்சுட்டீங்க. மாத்துங்க: காலையில ஸ்குவாட், ஞாயிறு 3 மணிக்கு டெட்லிஃப்ட். ஆனா செவ்வாய்க்கும் ஞாயிறுக்கும் நடுவுல அஞ்சு நாள், ஞாயிறுக்கும் செவ்வாய்க்கும் ரெண்டே நாள். டெட்லிஃப்ட் களைப்பு தீராத முதுகோட ஸ்குவாட்டுக்குப் போவீங்க. செவ்வாயை புதன் ஆக்கிடுங்க, நாலும் மூணுமா சரியாப் பிரியும். அ, ஆ வரிசையை மட்டும் நான் முன்னாடி சொன்ன மாதிரி உருட்ட முடியாது இப்ப, புதன் விட்டுப்போனா ஞாயிறு டெட்லிஃப்ட்டே செஞ்சு, அன்னைக்கு முதல் பயிற்சியா 100 கிலோ ஸ்குவாட் ஒரே ஒரு செட் சேர்த்துக்கோங்க.

துருவுக்கு எதிரி

வெந்நீர்ப் பையைச் சாத்துவதற்கு முன் மூடி இறுகியிருக்கிறதா பாருங்கள். எடுத்ததும் பாரை ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.